10 சதவீதம் மட்டுமே சூழலியல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

எது எதை உண்கிறது என்று காட்டும் பாடநூல் உணவு வலைப் படங்களில் பூச்சியிலிருந்து புல்லை நோக்கி அம்புக்குறி வரைவது இன்னும் தொடர்கிறது. ஆற்றல் போகும் திசையைத்தான் அம்பு காட்ட வேண்டும். எனவே அது புல்லில் தொடங்கிப் பூச்சியில் முடிய வேண்டும்.

தாவரம், அதை உண்பது, அதையும் உண்பது என ஒவ்வொரு படிநிலையிலிருந்தும் அடுத்ததற்கு 10 சதவீத ஆற்றல் கடக்கிறது என்பதும் தோராயமான சராசரிதான். பறவைகளும் பாலூட்டிகளும் செரித்து உறிஞ்சிய ஆற்றலில் ஏறத்தாழ 1 முதல் 3 சதவீதத்தையே உடல் வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஒதுக்குகின்றன. மீதியின் பெரும்பகுதி சுவாசத்தில் வெப்பமாகிவிடும். உடல் வெப்பத்தைக் காக்கும் செலவு இல்லாத பூச்சிகள் இதைவிடப் பல மடங்கு சேமிக்கின்றன. அதோடு, காடுகளில் தாவரங்கள் உருவாக்கும் பொருளில் பெரும்பங்கை யாரும் பச்சையாக மேய்வதில்லை. அது சருகாக விழுந்து பூஞ்சை, பாக்டீரியா, மண்புழு வழியே செல்கிறது. பாடப்படங்களில் இந்தப் பாதையே காணாமல் போவது வருத்தம் தருகிறது.

ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால் உயிரினங்களின் உறவும் புரியாது. 1963இல் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பாறைக் கடற்கரையில், ஒரு பகுதியிலிருந்து பிசாஸ்டர் என்ற வகை நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து அகற்றினார். 15ஆக இருந்த இனங்கள் 8ஆகக் குறைந்தன. நட்சத்திர மீன் இரையாக்கிவந்த சிப்பிகள் தடையின்றிப் பெருகிப் பாறையைப் பிடித்துக்கொள்ள, மற்றவற்றுக்கு ஒட்ட இடமில்லை. அங்கே பற்றாக்குறை உணவில் இல்லை, இடத்தில்!

பாடநூல் தயாரிப்போர் அடுத்த பதிப்பிலாவது சிதைப்பான்களின் பாதையையும் இத்தகைய மறைமுக விளைவுகளையும் தனி அம்புகளாக வரைய வேண்டும்.

இப்படிக்கு,
சூழலியல் ஆசிரியர்கள் சிலர்