மறுபக்கத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க விஸ்கி குப்பிகளைப் பற்றி வந்த பக்கத்தை ரசித்துப் படித்தேன். படங்கள் பளிச்சென்று இருந்தன. ஆனால் ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு பக்கத்தை மட்டும் போட்டு நிறுத்திவிட்டீர்களே! மோல்டு (கண்ணாடிக்கு வடிவம் தரும் அச்சு) வெட்டும் பட்டறையிலேயே காலம் தள்ளியவன் நான். அதனால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு பாதி மோல்டை மூடி, உள்ளே கண்ணாடியை ஊதி எடுத்தவை இந்தக் குப்பிகள். இரண்டு பாதியிலும் பிரபலங்களின் முகம் போன்ற வேலைப்பாடு உண்டு. யாரோடு யாரைச் சேர்த்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நீங்கள் போட்டிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் குப்பியையே எடுத்துக்கொள்வோம். திருப்பினால் தாமஸ் டையாட் முகம். பிலடெல்பியாவில் மருந்து விற்றவர், கென்சிங்டன் கண்ணாடி ஆலையின் முதலாளி. பெயருக்குப் பின்னால் 'எம்.டி.' வேறு. பிராங்க்ளினோடு முதுகுக்கு முதுகாகத் தன்னையே உட்கார வைத்துக்கொண்ட தைரியத்தை என்னவென்று சொல்ல! அப்புறம் வங்கி ஒன்று ஆரம்பித்தார். அது நொடித்துப்போய், 1839-இல் மோசடி வழக்கில் தண்டனை வாங்கிச் சிறைக்குப் போனார். உங்கள் படத்தைப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு ஆள் இருந்ததே தெரியாது.

கனெக்டிகட் மாநிலத்துக் கவென்ட்ரி ஆலையின் குப்பியில் ஒரு பக்கம் அமெரிக்க சுதந்திரப் போரில் சண்டையிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட், மறுபக்கம் நியூயார்க் மாநில ஆளுநர் டிவிட் கிளின்டன். முன்னவர் 1824-25-இல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி வந்தார். பின்னவர் விடாப்பிடியாக நின்று வெட்டவைத்த ஈரி கால்வாய் 1825-இல் திறந்தது. ஊரே பேசிய இரண்டு சேதியும் ஒரே குப்பியில்.

விளிம்பையும் விடக் கூடாது. டையாட் ஆலையின் வாஷிங்டன் குப்பி ஒன்றில் பக்கவாட்டில் 'ஆடம்ஸ் & ஜெஃபர்சன், ஜூலை 4, 1776' என்று ஓடும். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் தேதி அது. பின்னாளில் அதிபர்களான அந்த இருவரும் இறந்ததும் ஒரே நாளில், 1826 ஜூலை 4 அன்று. மோல்டில் எழுத்தை இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். அது லேசான வேலையல்ல. 1850-இல் அமெரிக்காவுக்கு வந்த பாடகி ஜென்னி லிண்டின் குப்பிகள் சிலவற்றில், அவர் பெயரில் ஒரு 'என்' எழுத்தையே விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் குப்பிகள்தான் ரொம்பப் பிடிக்கும்.

சரி, ஒரு திருத்தமும் உண்டு. மரக்குடில் வடிவிலான பூஸ் விஸ்கி பாட்டிலுக்குக் கீழே '1840-இல் தயாரானது' என்று போட்டிருக்கிறீர்கள். கூரையில் 1840 என்று பொறித்திருப்பது உண்மைதான். ஆனால் நியூஜெர்சியின் கிளாஸ்பரோவில் அதை ஊதியது 1860-ஐ ஒட்டிய வருடங்களில். போதாததற்கு 20-ஆம் நூற்றாண்டில் அதற்கு ஏகப்பட்ட நகல்களும் வந்துவிட்டன. கூரையை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். அடிப்பாகத்தையும் படம் பிடித்திருந்தால், வாயைச் சீர்செய்யும்போது குப்பியைப் பிடித்துக்கொள்ள அடியில் இரும்புக் கம்பியை ஒட்டி, பிறகு முறித்த வடு இருக்கிறதா இல்லையா என்றாவது பார்த்திருக்கலாம்.

அடுத்த இதழில் அந்த வருடத்தைத் திருத்திவிடுங்கள். இடமிருந்தால் டையாட்டின் முகத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோல்டு தொழிலாளி ஒருவர்