ஒரு சொல் பிசகினால் ஓர் உயிர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 2023ஆம் ஆண்டின் இறுதியில் 30 லட்சத்தைத் தாண்டியதிலிருந்து, அவற்றை எப்படி விரைந்து முடிப்பது என்பதே பேச்சாக இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களின் தவிப்பை அறிந்தவன் என்பதால் விரைவு வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் புகலிடம் கோருபவர் சொல்வது நீதிபதிக்குச் சரியாகப் போய்ச் சேருகிறதா என்பதில் அதே அக்கறை காட்டப்படவில்லை.

இலங்கைத் தமிழர்களின் ஆவணங்களைச் சில ஆண்டுகளாக ஊதியமின்றி மொழிபெயர்த்துக் கொடுத்து வருகிறேன். அப்படி வந்த ஓர் இளைஞர், விண்ணப்பத்தில் உடன்பிறந்தோராக இரண்டு தங்கைகளை மட்டுமே குறித்திருந்தார். விசாரணையில், "அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை உடன்பிறந்த சகோதரர் என்றே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். இளைஞர் சொன்னதோ பெரியப்பா மகனை. நமக்கு இது விளக்கமே தேவைப்படாத விஷயம். அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு அது கையும் களவுமாகப் பிடிபட்ட பொய். வழக்கின் மையத்தைத் தொடாத முரண்பாட்டை வைத்துக்கூட ஒருவர் நம்பத்தகாதவர் என்று முடிவுகட்ட 2005ஆம் ஆண்டின் ரியல் ஐடி சட்டம் இடம் கொடுக்கிறது.

அந்த இளைஞருக்கு வழக்கறிஞர் இருந்தார், குறுக்கிட்டு விளக்கினார். இல்லாதிருந்தால்? குற்ற வழக்கில் வசதியற்றவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டு. நாடுகடத்தல் வழக்கில், சிறுவராக இருந்தாலும், அந்த உரிமை இல்லை. நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள், ஆங்கிலத்தில், விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யும் பொறுப்பும் பெரும்பாலும் புகலிடம் கோருபவர்களின் தலையில்தான் விழுகிறது.

இந்தக் குடிவரவு நீதிபதிகள் நீதித்துறையின் சுதந்திரமான கிளையைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. அவர்கள் அதிபரின் அமைச்சரவையில் இருக்கும் அட்டர்னி ஜெனரலின் கீழ் பணிபுரிபவர்கள். அவர் நினைத்தால் வழக்கைத் தம்மிடம் எடுத்துக்கொண்டு தீர்ப்பையே மாற்றலாம். ஒரு நீதிபதி ஆண்டுக்கு 700 வழக்குகளை முடிக்க வேண்டும் என்று 2018இல் இலக்கு வைத்தார்கள். 2021இல் அதைக் கைவிட்டார்கள். இலக்கு போனாலும், தேங்கிய வழக்குகளை முடிக்க ஓட வேண்டிய நீதிபதியிடம், 'அண்ணா என்றால் எந்த அண்ணா?' என்று நிதானித்துக் கேட்பதை எப்படி எதிர்பார்ப்பது?

எல்லையிலேயே நடக்கும் முதற்கட்ட நேர்காணலில் பிசகினால் நிலைமை இன்னும் மோசம். ஊரில் தம்மை அடித்துத் துன்புறுத்தியவர்கள் யார், ஏன் என்பதைச் சொல்ல முடியாத இலங்கைத் தமிழர் ஒருவரின் கோரிக்கை அந்தக் கட்டத்திலேயே நிராகரிக்கப்பட்டது. அதை எதிர்த்து அவர் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாட வழியில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் மாறும் நாள் தொலைவில் இருக்கலாம். அதுவரை, இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குத் திரட்டும் நிதியில் ஒரு பங்கை வழக்கறிஞர் கட்டணத்துக்கு ஒதுக்கட்டும். யாழ்ப்பாணப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் அறிந்து, ஆங்கிலமும் கைவந்தவர்கள் மொழிபெயர்ப்புப் பணிக்கு முன்வரட்டும் என்று உங்கள் இதழின் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
நியூ ஜெர்சி