பேச்சிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பேச்சிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். பாபநாசத்தில் தண்ணீர் திறந்தாச்சு, பிசானத்துக்கு நாற்றும் பாவியாச்சு. லட்சுமி கன்று போட்டிருக்கிறது, கிடேரி. பெரியத்தான் வீட்டு விசேஷத்துக்கு நீ வரவில்லை என்று பேசத்தான் செய்தார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

விமானி வேலைக்கான சிமுலேட்டர் தேர்வு முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றாய். அதற்கப்புறம் நீ அனுப்பியதெல்லாம் ஹைதராபாத்தில் சாப்பிட்ட தோசையின் படம்தான். தோசை நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

உன் கம்பெனியில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் கேட்கிறேன். டிப்போவில் காலமெல்லாம் பிள்ளைகளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் இதைக் கேட்கலாம்தானே. சின்ன கம்பெனி என்பதற்காகக் கேட்கவில்லை. தூத்துக்குடி வாகைகுளத்தில் ரன்வே குட்டையாக இருந்த நாளில் நம்மை ஏற்றிக்கொண்டு போனது, நீ ஓட்டப் பழகும் இந்த ஏடிஆர் என்ற சின்ன விமானம்தான். அதை இளப்பமாகப் பேச எனக்கு வாய் வராது.

சித்தி மகன் அமெரிக்க விபத்து அறிக்கை ஒன்றை போனில் இறக்கிக் கொடுத்தான். புரியாத இடத்தை அவனே வாசித்துத் தமிழில் சொன்னான். 2009 பிப்ரவரி 12, பஃபலோ பக்கம். டிக்கெட்டில் கான்டினென்டல் என்ற பெரிய பெயர், ஓட்டியது கோல்கன் ஏர் என்ற சின்ன கம்பெனி. வேகம் குறைந்து, விமானியின் கைப்பிடியை ஆட்டி எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் நடுங்கியிருக்கிறது. மூக்கைத் தாழ்த்த வேண்டிய நேரத்தில் கேப்டன் தன் பக்கம் இழுத்துவிட்டார். விமானத்தில் இருந்த 49 பேரும் போனார்கள், கீழே வீட்டில் இருந்த ஒருவரும் போனார். துணை விமானி முந்தின ராத்திரி சியாட்டிலில் இருந்து விமானத்தில் உட்கார்ந்தே வந்து வேலைக்கு ஏறிய பெண். அதனால்தான் தூங்கு, தூங்கு என்கிறேன்.

அதற்குப் பிறகு அங்கே துணை விமானிக்கும் 1500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் அன்றைக்கு விழுந்த விமானத்தில் இரண்டு பேருக்குமே 1500-க்கு மேல் இருந்தது! ஆகவே 200 மணி நேரத்தில் லைசென்ஸ் வாங்கியவள் என்று யாராவது உன்னைக் குத்திக் காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதே. மணிக்கணக்கு அல்ல விஷயம். வேகம் மேலும் குறைந்தால் ஸ்டிக் புஷர் என்ற கருவி தானாக மூக்கைக் கீழே தள்ளும்போது எப்படி இருக்கும் என்பதை அந்தக் கோல்கன் கம்பெனி வகுப்பில் சொன்னதோடு சரி, சிமுலேட்டரில் கையால் உணர வைக்கவில்லை. அந்தக் கேப்டன் அதற்கு முன்பு சில தேர்வுகளில் தவறியவர். எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதவில்லை. அப்படித் தடுமாறுகிறவர்களைத் தனியாகக் கவனித்துத் தேற்றிவிட அங்கே ஏற்பாடும் இல்லை.

தவறியது குற்றமில்லை பேச்சி. தவறியவனை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

தைவானில் 2015 பிப்ரவரியில் விழுந்தது உன்னுடைய அதே ஏடிஆர் 72. ஒரு இன்ஜின் போனதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். 43 பேர். அந்தக் கேப்டனும் பதவி உயர்வுத் தேர்வில் ஒருமுறை தவறிப் பிறகு தேறியவர். அவசரப்படுகிறார் என்று பரிசோதகர்களே குறித்து வைத்திருந்தார்கள். குறித்ததைப் பார்த்து யாரும் ஒன்றும் செய்யவில்லை. விபத்துக்குப் பிறகு அந்தக் கம்பெனி ஏடிஆர் விமானிகளை அரசாங்கம் கூப்பிட்டு இன்ஜின் கோளாறு பற்றி வாயாலேயே கேள்வி கேட்டது. அதில் 10 பேர் தேறவில்லை. வெளியில் எல்லார் கையிலும் லைசென்ஸ் இருந்தது.

ஆகவே நீயே பார்த்துச் சொல். சிமுலேட்டரில் இன்றைக்கு எந்த இன்ஜினை நிறுத்தப் போகிறார்கள் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதா? பரிசோதகர் ‘போதாது’ என்று எழுதினால் கம்பெனி அவருக்குப் பக்கபலமாக நிற்கிறதா, இல்லை ஆள் குறைகிறது, சீக்கிரம் பயணிகளோடு பறக்கும் லைனுக்கு அனுப்பு என்கிறதா? கேப்டனிடம் வாய் திறந்து சொல்லப் பழக்குகிறார்களா? 2010-ல் மங்களூரில் துணை விமானி ‘கோ அரவுண்ட்’, இறக்காமல் மேலே தூக்குங்கள் என்று சொல்லியும் கேப்டன் இறக்கினார், 158 பேர் போனார்கள். நம் வீட்டில் நீதான் வாயாடி. அந்த வாய் எங்கே போனது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

யாரையுமே திருப்பி அனுப்பாத பயிற்சியை நான் நம்ப மாட்டேன். கடையம் பையனை உனக்கு நினைவிருக்கும், தீபாவளிக்குப் பலகாரத்தோடு வருவானே. அவனை நான் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது தடவையும் அனுப்பினேன். காரையாறு மலைப்பாதை வண்டியை நம்பி அவன் கையில்தான் கொடுத்தார்கள். அவன் அப்பா டிப்போ வாசலில் நின்று என்னைத் திட்டினார். பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மறுநாள் காலையில் வந்து நின்றான்.

வாய்க்கால் வயல் விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளாதே. அது நானும் அம்மாவும் பேசி முடித்தது, உன் தலையில் ஏற்ற அல்ல. மாமா வேறு ஏதோ கேள்விப்பட்டதாகச் சொன்னார். மாமாவுக்கு எதில்தான் கேள்விப்பாடு இல்லை? நம் தெருவில் உன்னைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. அதற்காக நீ ஓட வேண்டியதில்லை.

நேரத்துக்குத் தூங்கு. மறுபடியும் பயிற்சி கேட்டால் தருவார்கள் என்றால் கூச்சப்படாமல் கேள். தர மாட்டார்கள் என்றால் அதையும் என்னிடம் சொல்.

சங்கரன்கோவில் பஸ்ஸில் பனங்கிழங்கு கொடுத்துவிடலாமா என்று அம்மா கேட்கிறாள், அங்கிருந்து ஹைதராபாத்துக்கு எப்படி வரும் என்று நான் கேட்டதற்குக் கோபம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவள் கோயிலுக்குப் போய்விடுவாள். அப்போது கூப்பிடு, நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா