லீவுதான், ஆனால் வேலை உண்டு

கேசோன் நகரம், பிலிப்பைன்ஸ்
30-8-2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே மழை விட்டபாடில்லை. திங்கட்கிழமை தேசிய வீரர்கள் நாள், ஆபீஸ் லீவு. இன்றைக்கும் சட்டப்படி விடுமுறைதான், ஆனால் வேலை செய்யும் விடுமுறை. எல்லோரும் வேலைக்குப் போகவேண்டும், சம்பளமும் வழக்கமானதுதான். வந்த புதிதில் எனக்கு இது புரியவே இல்லை. இப்போது இதுதான் சரி என்று படுகிறது.

மார்செலோ டெல் பிலார் என்ற பத்திரிகைக்காரர் பிறந்த நாள் இது. அதைப் பத்திரிகைச் சுதந்திர நாளாக்கி 2022-இல் 11699 எண்ணுள்ள சட்டம் போட்டார்கள். ஆயுத பூஜைக்கு நீங்கள் பிரஸ்ஸில் எந்திரத்துக்குச் சந்தனம் வைத்து அன்றைக்கு ஓய்வு கொடுப்பீர்களே, இங்கே அது ஓடவேண்டும் என்கிறார்கள். அந்த மனிதரும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார். ஸ்பானியர் ஆண்ட காலத்தில், 1882-இல், இந்த ஊர் மொழியான தகலோக்கில் நாளிதழ் தொடங்கினார். பிறகு இங்கே இருக்க முடியாமல் 1888-இல் ஸ்பெயினுக்குப் போய், 'லா சோலிடாரிடாட்' பத்திரிகையைக் கையில் காசில்லாமலே 1895 வரை நடத்தினார். பசி தெரியாமலிருக்கத் தெருவில் கிடந்த சிகரெட் துண்டைப் பொறுக்கிப் புகைத்தார் என்று இங்கே சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை புலக்கானில் அவர் பிறந்த இடத்துக்குப் போனேன். சமாதியும் அங்கேதான். காசநோயால் 1896-இல் பார்சிலோனாவில் இறந்தவரின் எலும்புகள் 1920-இல்தான் ஊர் திரும்பின. வீட்டுக்கு எழுதிய கடிதமொன்றில் தன் கனவைச் சொல்கிறார். சின்ன மகள் அனிதா மடியில், சோபியா பக்கத்தில், இருவரும் திரும்பப் போகாதே என்கிறார்கள். விழித்தால் கண்ணெல்லாம் ஈரம். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அப்பா.

இன்று நாலு மணிக்கு ஆபீஸ் காபி அறையில் கொஞ்ச நேரம் கூடினோம். ஜெனரல் சாண்டோஸ் ஊர்ப் பெண் ஒருத்தி பேசினாள். 2009 நவம்பரில் இந்த நாட்டின் தெற்கே மகிந்தனாவோ மாகாணத்தில் வேட்புமனுத் தாக்கல் செய்யப் போன கூட்டத்தை வழிமறித்து 58 பேரைக் கொன்றார்கள். அவர்களில் 32 பேர் செய்தி எடுக்கப் போன பத்திரிகைக்காரர்கள். ஒவ்வொரு பெயராக வாசித்தாள். தாளைப் பிடித்த விரல்கள் நடுங்கின, குரல் நடுங்கவில்லை. அப்புறம் அவரவர் மேசைக்குத் திரும்பிவிட்டோம்.

ஒரு எழுத்து தலைகீழாக விழுந்துவிட்டால் ராத்திரி பத்து மணியானாலும் பிரித்துத் திரும்பக் கோத்தபிறகுதான் வீட்டுக்கு வருவீர்கள். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பணம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். டிசம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், பாப்பாவிடம் சொல்லுங்கள். அவளை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

உங்கள் மகன்