கூடுதுறை நோட்டும் ஹரித்வார் பேரேடும்

பவானி,
புதன்கிழமை

அன்புள்ள சாமிநாதா,

உன் கடுதாசி வந்து பத்து நாளாச்சு. மூட்டு வலிக்கு நீ சொன்ன எண்ணெயைத் தேய்ச்சுப் பார்த்தேன். வலி போகலை, வேட்டிதான் போச்சு. பேத்தி பத்தாவது பாஸ். மத்ததெல்லாம் வழக்கம்போலத்தான்.

போன வாரம் அப்பாவுக்குத் திதி. வெள்ளெனவே கூடுதுறைக்குப் போயிட்டேன். அய்யர் நோட்டை விரிச்சு, அப்பா பேரு, அப்பாரு பேரு கேட்டு எழுதினார். அப்பாருக்கு அப்பன் பேரைக் கேட்டதும் முழிச்சேன். "பரவாயில்லைங்க"ன்னு அந்த வரியைக் காலியா விட்டுட்டார்.

அப்ப நெனப்புக்கு வந்தவர் ஓவிய ஆராய்ச்சியாளர் பி. என். கோஸ்வாமி. ரெண்டு மாசமா அவரைப் பத்தித்தான் படிச்சுட்டிருக்கேன். 1933ல சர்கோதாவுல பொறந்தவர். அந்த ஊரு இப்ப பாகிஸ்தான்ல இருக்கு. 1956ல ஐ.ஏ.எஸ்.ல சேர்ந்து, ரெண்டே வருசத்துல வேலையை விட்டுட்டு ஓவிய ஆராய்ச்சிக்குப் போயிட்டார். நம்மூர்ல எவனாவது அப்படிப் பண்ணியிருந்தா ஒரம்பரை பூரா வந்து ஒப்பாரி வெச்சிருக்கும்!

இமயமலை அடிவாரச் சமஸ்தானங்கள்ல வரைஞ்ச பஹாரிச் சிற்றோவியங்கள் அவரோட துறை. மடியில வெச்சுப் பாக்குற அளவுதான் இருக்கும், அணில் முடித் தூரிகையில இழைச்சது. பெரும்பாலும் வரைஞ்சவன் பேரு இருக்காது. அதனால குலேர் பாணி, பசோலி பாணின்னு ராஜாவோட ஊரை வெச்சே பிரிச்சாங்க. இவர், வரைஞ்சவன் யாருன்னு தேடப் போனார். அதுவும் எங்கே? ஹரித்வார்ப் பண்டாக்களோட, அதான் அங்கத்த தீர்த்தப் புரோகிதருங்களோட, பேரேட்டுல! அஸ்தி கரைக்க வர்றவங்க ஊரு, அப்பன், பாட்டன் பேரெல்லாம் அதுல எழுதி வெப்பாங்க. அந்தக் கட்டுகளைப் புரட்டிப் புரட்டி ஓவியர் வம்சங்களைக் கோத்தெடுத்தார். குலேர்ப் பண்டிட் சேவு, அவர் மகன்கள் மானக்கு, நைன்சுக். பாணிக்கு வேர் சமஸ்தானமில்லை, குடும்பம்னு 1968ல 'மார்க்' பத்திரிகையில எழுதினார்.

நைன்சுக்கை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தன்னை ஆதரிச்ச ராஜ வம்சத்துப் பல்வந்த் சிங்கைத் தாடி திருத்திக்கிறப்பவும் வரைஞ்சிருக்கான். குளிருக்குப் பஞ்சுப் போர்வையைப் போத்திட்டு நெருப்பு முன்னால ஹுக்காவோட குந்தியிருக்கிறப்பவும் வரைஞ்சிருக்கான். ராஜகளையே இல்லை, நம்ம தோட்டத்துப் பெரியவர் மார்கழியில குந்தியிருக்கிற மாதிரிதான். 1763ல ஹரித்வார்ப் பேரேட்டுல அவனே தன் கைப்பட எழுதி, ஒரு சின்னப் படமும் போட்டு வெச்சுட்டுப் போயிருக்கான். அந்தப் பக்கத்தைப் புரட்டினப்ப கோஸ்வாமிக்கு எப்படியிருந்திருக்கும்னு நெனைச்சுப் பாரு.

குடும்பந்தான் பாணிங்கிறது நமக்கொண்ணும் புதுசில்லை. குழித்தறியில ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல குந்தி நெய்யற ஜமுக்காளத்தை விரிச்சா, எங்கப்பா கரையோரத்தைத் தடவிப் பார்த்தே எந்த வீட்டுத் தறின்னு சொல்லிருவார். ஆனா நெஞ்சவன் பேரு அதுல ஏது? எங்க வீட்டுப் பழைய ஜமுக்காளம் ஒண்ணு பரண்ல கிடக்குது. சிவப்பு இன்னும் வெளுக்கலை. அப்பாரு நெஞ்சதா, அவங்கப்பன் நெஞ்சதான்னு சொல்ல இப்ப ஆளில்லை.

உங்க சின்னாத்தாளுக்கு எங்க வீட்டுப் பழங்கதையெல்லாம் தெரியும். எங்க அப்பாரோட அப்பன் பேரை ஒரு வார்த்தை கேட்டு எழுது. அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் கூடுதுறைக்குப் போறேன்.

உன்,
ராமசாமி