எமட் வெள்ளை மாளிகையில் எனக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து எமட் கிராமத்தில், சிக்கசா என்னும் பழங்குடி மக்களின் ஆளுநர் வாழ்ந்த சிக்கசா வெள்ளை மாளிகை என்ற வீட்டைப் பற்றி எழுதும் ஆசை ஒன்றைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாமல் வந்தேன். குறிப்பேடு நிறையத் திரும்பியிருக்கிறேன்.

வழி தவறி நின்றபோது, தன் வண்டியை முன்னே ஓட்டி வாசல்வரை கொண்டுவந்துவிட்ட விவசாயிக்கு முதல் நன்றி. பெயரைக் கேட்பதற்குள் கையசைத்துவிட்டுப் போய்விட்டீர்கள், ஐயா.

வீட்டைச் சுற்றிக் காட்டிய அம்மையாரே, உங்களை மறக்கவே மாட்டேன். 1895இல் எழும்பிய வீடு. சிக்கசா மக்களின் ஆளுநர் டக்ளஸ் ஜான்ஸ்டனின் குடும்பம் 1898 முதல் 1971 வரை வாழ்ந்த வீடு. அவருடைய மருமகள் முறையான மேரி ஆலிஸை 1899இல் வில்லியம் மரி மணந்துகொண்டதும் இங்கேதான். அவர்களுடைய மகன் ஜான்ஸ்டன் மரி 1902இல் இங்கே பிறந்ததைச் சொல்லும்போது, உள்ளே குழந்தை இன்னும் தூங்குவதுபோல நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். தந்தை 1931இலும் மகன் 1951இலும் ஓக்லஹோமா மாநிலத்துக்கே ஆளுநர் ஆனார்கள். தேதிகளை நான் முன்பே படித்திருந்தேன். அந்தத் தாழ்ந்த குரலில்தான் அவை எனக்கு ஒரு குடும்பமாகத் தெரிந்தன.

நூலக நண்பருக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறேன். பூட்டும் நேரம் கடந்தும் எனக்காகக் காத்திருந்து, என் பிழை ஒன்றைத் திருத்தினீர்கள். டக்ளஸ் ஜான்ஸ்டன் 1939இல் இறக்கும்வரை தேர்தலில் வென்றே பதவியில் இருந்தார் என்று நினைத்திருந்தேன். பழங்குடி அரசுகளின் அதிகாரத்தை வாஷிங்டன் பறித்த பிறகு, 1904க்குப் பின் அவர் தேர்தலையே சந்திக்கவில்லை. அமெரிக்க அதிபரின் நியமனத்தில்தான் நீடித்தார். சிக்கசா மக்கள் தங்கள் ஆளுநரை மீண்டும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது 1971இல். "அந்த வீட்டில் குடும்பம் வாழ்ந்த கடைசி ஆண்டும் அதுதான்" என்று நீங்கள் தாளில் கோடிட்டுக் காட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

புறப்படும்போது வாசலில் ஒரு சிக்கசா பெரியவர் தம் மொழியில் நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்தார். மூன்று முறை பிழையாகச் சொன்னேன். மூன்று முறையும் பொறுமையாகத் திருத்தினார். நான்காவது முறை தலையசைத்தார். அந்தச் சொல்லையே உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: யக்கோக்கே.

அன்புடன்,
உங்கள் விருந்தாளி