வயது ஏறினால் சரியாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். பிள்ளையின் துறுதுறுப்புக்குப் பெற்றோரின் வளர்ப்பைப் பழிக்காமல் எழுதியிருந்தது ஆறுதல் தந்தது. ஆனால், வயது ஏற ஏறப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தானாகச் சரியாகிவிடும் என்று கட்டுரை முடிந்திருந்தது. அதை நம்பி வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதை எழுதுகிறேன்.

என் மகனை மதிப்பீட்டுக்கு அழைத்துச் சென்றபோது, அவனைப் பற்றி மருத்துவர் கேட்டதெல்லாம் என்னையே கேட்பதுபோல் இருந்தது. பிறகு என்னையும் மதிப்பிட்டார்கள். அப்போது எனக்கு வயது 43. பழைய மதிப்பெண் அட்டைகள் இருந்தால் எடுத்துவரச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பு அட்டையின் அடியில், ‘கெட்டிக்காரி. விடைத்தாளைப் பாதியில் விட்டுவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்’ என்று ஆசிரியை எழுதியிருந்தார். எனக்கும் ஏ.டி.எச்.டி. இருப்பது உறுதியானது. ஓடியாடித் தொல்லை கொடுத்திருந்தால் அப்போதே யாராவது கவனித்திருப்பார்கள். சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையை யார் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள்?

வட அமெரிக்காவில் 1990களில் ஏ.டி.எச்.டி. உள்ள 579 சிறுவர் சிறுமியரைச் சேர்த்துத் தொடங்கிய எம்.டி.ஏ. என்ற ஆய்வு, அவர்களை இளமைப் பருவம் வரை தொடர்ந்து கவனித்தது. 2022இல் வெளியான அதன் முடிவுகளின்படி, குறைபாடு நீங்கி அந்நிலை நிலைத்தவர்கள் சுமார் 9 விழுக்காட்டினர்தான். ஏறக்குறைய 64 விழுக்காட்டினருக்கு அது தணிவதும் திரும்புவதுமாகவே இருந்தது. இதில் மதிப்பீடு செய்பவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது: தணிந்திருக்கும் காலத்தில் ஒருவரை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட முடியாது.

இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ கிடையாது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் மூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) முதிர்வதில் சராசரியாக மூன்றாண்டு தாமதம் காணப்படுவதாக 2007இல் ஓர் ஆய்வு காட்டியது உண்மைதான். ஆனால் அது குழுவின் சராசரி, தனி ஒருவரை அதைக் கொண்டு அளக்க இயலாது. (தாமதம்தானே, எப்படியும் எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்று நாம் எண்ணத் தொடங்கியதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.) மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதற்கான, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, அறிகுறிகள் 7 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 12 வயதாகத் தளர்த்தியது, 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆறுக்குப் பதிலாக ஐந்து அறிகுறிகள் போதும் என்றது. அப்போதும், வீடு, வேலை எனக் குறைந்தது இரண்டு சூழல்களில் அவை தென்பட வேண்டும். தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, தைராய்டு போன்ற பிற காரணங்களையும் ஆராய வேண்டும். கட்டுரையுடன் பெட்டியில் தந்திருந்த பத்துக் கேள்விகளால் இவற்றையெல்லாம் செய்துவிட முடியாது.

சிகிச்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018இல் 133 மருந்துச் சோதனைகளைத் தொகுத்து ஒப்பிட்ட ஆய்வு, குறுகிய காலச் சிகிச்சையில் சிறாருக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தையும் பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளையும் முதல் தெரிவாகப் பரிந்துரைத்தது. அந்த முடிவுகள் சுமார் 12 வார காலத்துக்கு உரியவை. மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களுக்கோ இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, பசி, தூக்கம் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனித்துவருவது அவசியம். 60 வயதைக் கடந்தவர்கள் இத்தகைய சோதனைகளில் அரிதாகவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில், மருந்து தொடங்கிய பிறகு ஒரு படிவத்தைக் கையில் எடுத்தால் பூர்த்தி செய்துவிட்டுத்தான் எழுகிறேன். ஆனால், மேசை மேல் கிடக்கும் ஆறு படிவங்களில் எதை முதலில் எடுப்பது என்பதை உளவியல் ஆலோசகரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, கேள்விப் பெட்டிக்குக் கீழே ‘இது நோயறிதல் அல்ல’ என்ற ஒரு வரியையாவது சேர்க்குமாறும், பெரியவர்களுக்கும் முதியவர்களுக்கும் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி